ஹட்சன் நடைபாலம்: முழங்கால் வலியுள்ள தாயாருடன் செல்லலாமா?

வணக்கம். நியூயார்க் மாநிலம் பொகீப்சியிலுள்ள ஹட்சன் நடைபாலத்துக்கு, முழங்கால் வலியுள்ள தாயாரையும் மிதிவண்டியோடு மகனையும் அழைத்துச் செல்ல இயலுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக இயலும்.

1889இல் ரயில்களுக்காகத் திறக்கப்பட்டு, 1974ஆம் ஆண்டுத் தீ விபத்துக்குப் பின் பயனின்றிக் கிடந்து, 2009இல் நடைபாதையாக மாறிய பாலம் அது. கனத்த ரயில்கள் செங்குத்தான ஏற்றத்தில் திணறும் என்பதற்காக அன்று ஏறக்குறைய மட்டமாகவே அமைத்த தளம், இன்று தாயாரின் முழங்காலுக்கு அனுகூலமாக இருக்கும்.

சிக்கல் நீளத்தில்தான். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர். சென்ற தொலைவைத் திரும்பியும் நடக்க வேண்டும் என்பதை உற்சாகத்தில் மறந்துவிடுகிறோம். எனவே தாயார் நடு ஆறுவரை சென்று திரும்புவதே போதுமானது. கரையோரத் தண்டவாளத்தில் ஊர்ந்து செல்லும் ரயில் பொம்மைபோலத் தெரிவதை அங்கிருந்தே பார்க்கலாம். நீர்மட்டத்துக்கு மேல் 212 அடி உயரம், கூரையும் இல்லை. தொப்பியைக் காற்று பறித்துவிடும், தலைக்குத் துணி கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். பொகீப்சி ஆற்றங்கரையிலுள்ள மின்தூக்கி ஆண்டு முழுவதும் இயங்குவதில்லை. அதை நம்பாமல் சாலையோர நுழைவாயில் வழியாகவே செல்லுங்கள். மகன் கூட்டமில்லாத காலை வேளையில் ஓட்டுவது நல்லது.