40 வோல்ட் முதல் 88 வோல்ட் வரை ஒரே சார்ஜர்: எல்எல்சி கன்வெர்ட்டரைச் சூடேறாமல் வடிவமைப்பது எப்படி?

கேட்டவர் சொல்லியிருப்பது இது: பேட்டரி ரிக்ஷாக்களுக்கு 1.5 கிலோவாட் சார்ஜர் செய்கிறார். 16 செல் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியையும் 24 செல் பேட்டரியையும் ஒரே பெட்டி சார்ஜ் செய்ய வேண்டும். அதனால் வெளியீடு 40 முதல் 88 வோல்ட் வரை போக வேண்டும். எல்எல்சி ஒத்ததிர்வு கன்வெர்ட்டரில் (டிசி வோல்டேஜை வேறொரு டிசி வோல்டேஜாக மாற்றும் ஒருவகை மின்சுற்று) அதிர்வெண்ணை மட்டும் மாற்றி அந்த வீச்சை எட்டப் பார்க்கிறார். சிமுலேஷனில் ஓடுகிறது. போர்டில் டிரான்ஸ்ஃபார்மர் கொதிக்கிறது, மின்னோட்டத்தை வேகமாக இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சான மாஸ்ஃபெட் வெடிக்கிறது.

நான் புதுச்சேரி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். ஏறக்குறைய இதே சார்ஜரில் ஒரு மழைக்காலம் முழுவதையும் தொலைத்தவன் என்பதால் பதில் சொல்லும் உரிமை இருப்பதாக நினைத்துக்கொள்கிறேன்.

எனக்குச் செயல்திறன் மீது இவ்வளவு பிடிவாதம் வந்ததற்குக் காரணம் மின்கட்டணம் அல்ல, உப்புக்காற்று. தேங்காய்த்திட்டுப் பக்கம் ஒரு கொட்டகையில் மின்விசிறி வைத்த சார்ஜரை மாட்டினால், ஆறே மாதத்தில் விசிறியின் அச்சு துருப்பிடித்து நிற்கும். அந்த விசிறி உள்ளே இழுத்துப்போட்ட ஈரமும் உப்பும் போர்டின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கும். ஆகவே பெட்டி மூடியிருக்க வேண்டும், விசிறி கூடாது. 1.5 கிலோவாட் வெளியீட்டில் 94 சதவீதச் செயல்திறன் என்றால் உள்ளே 96 வாட் வெப்பம். 96.5 சதவீதம் என்றால் 54 வாட். இரண்டாவதை அலுமினியப் பெட்டியின் முதுகே வெளியேற்றிவிடும். முதலாவது பெட்டியை அடுப்பாக்கிவிடும்.

எல்எல்சியில் மூன்று பேர் இருக்கிறார்கள்: தொடர் இண்டக்டர், தொடர் கெப்பாசிட்டர், டிரான்ஸ்ஃபார்மரின் காந்தமாக்கும் இண்டக்டன்ஸ். முதல் இருவரும் ஒத்ததிர்வு அதிர்வெண்ணில் ஒருவரையொருவர் ரத்து செய்துகொள்வதால், அங்கே வெளியீட்டை முடிவு செய்வது டிரான்ஸ்ஃபார்மரின் சுற்று விகிதம் மட்டும்தான். லோடு கூடினாலும் குறைந்தாலும் அங்கே கெயின் (சுற்று விகிதம் தரும் வோல்டேஜைப்போல் வெளியீடு எத்தனை மடங்கு என்பது) 1தான். அதிர்வெண்ணை அதற்குக் கீழே இறக்கினால் ஓர் உச்சி வரை கெயின் ஏறும், மேலே ஏற்றினால் இறங்கும். இந்தக் கன்வெர்ட்டர் மிகக் குறைந்த இழப்பில் ஓடுவது ஒத்ததிர்வுப் புள்ளியிலும் அதன் அக்கம்பக்கத்திலும்தான். தள்ளிப் போகப் போக விலை கொடுக்க வேண்டும்.

என் முதல் வடிவமைப்பும் உங்களுடையதைப் போலத்தான் இருந்தது. நடுவே 60 வோல்ட்டில் ஒத்ததிர்வை வைத்தேன். 40க்கு 0.67 கெயின், 88க்கு 1.47. இவ்வளவு ஏற வேண்டுமானால் காந்தமாக்கும் இண்டக்டன்ஸைக் குறைக்க வேண்டும். தொடர் இண்டக்டரைப்போல் மூன்று மடங்குதான் வைத்தேன். 47 மைக்ரோஹென்றிக்கு 141 மைக்ரோஹென்றி. இதன் விளைவைக் காகிதத்திலேயே கணக்கிட்டிருக்கலாம், நான் கணக்கிடவில்லை. உள்ளே வரும் டிசி 400 வோல்ட், ஒத்ததிர்வு 100 கிலோஹெர்ட்ஸ், நான்கு மாஸ்ஃபெட் கொண்ட முழுப் பாலம் என்றால் காந்தமாக்கும் மின்னோட்டத்தின் உச்சம் 7 ஆம்பியர், ஆர்எம்எஸ் (கம்பியைச் சூடேற்றும் பயனுறு அளவு) 4.1. உண்மையில் பேட்டரிக்குப் போகும் வேலையைச் செய்யும் மின்னோட்டம் 4.2 ஆம்பியர்தான். அதாவது, வேலை செய்பவனுக்கு இணையாக ஒருவன் சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறான். முதன்மைப் பக்கக் கடத்தல் இழப்பு ஏறக்குறைய இரட்டிப்பு.

அதோடு நிற்கவில்லை. இண்டக்டன்ஸைக் குறைக்க ஃபெரைட் கோரின் காற்றிடைவெளியை அகலப்படுத்த வேண்டும். பிக்யூ 50/50 கோரில் எனக்கு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வந்தது. டிரான்ஸ்ஃபார்மர் ஏன் சூடேறுகிறது என்று நான் கோர் இழப்பு, லிட்ஸ் கம்பியின் இழை எண்ணிக்கை என்று தேடிக்கொண்டிருந்தபோது, பட்டறையில் கம்பி சுற்றும் அக்கா பழுதான ஒன்றைப் பிரித்து என் மேசையில் வைத்தார். "தம்பி, மேலேயும் கீழேயும் கம்பி புதிதுபோல இருக்கிறது. நடுவில் ஒரு விரல் அகலம் மட்டும் கருகியிருக்கிறது. அங்கே மட்டும் என்ன நெருப்பு?" அவர் விரல் வைத்த இடம் காற்றிடைவெளிக்கு நேர் எதிரே இருந்தது. இடைவெளியிலிருந்து வெளியே பிதுங்கும் காந்தப்புலம் பக்கத்துக் கம்பிகளில் சுழல் மின்னோட்டத்தைக் கிளப்பிக்கொண்டிருந்தது. என் மென்பொருள் காட்டாததை வார்னிஷ் நிறம் காட்டிவிட்டது. சூடேறும் டிரான்ஸ்ஃபார்மரை முதலில் பிரித்துப் பாருங்கள். மற்ற ஆராய்ச்சிகள் அதற்குப் பிறகு.

சரி, வீச்சு. என் தவறு 40 முதல் 88 வரை என்பதை ஒரே கோடாக நினைத்ததுதான். பேட்டரி அப்படி நடந்துகொள்வதில்லை. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் ஒன்று 2.5 வோல்ட்டில் வெறுமையாகி 3.65இல் நிறைகிறது என்று எழுதியிருக்கும். ஆனால் சார்ஜ் ஏறும் நேரத்தில் பெரும்பகுதி அது 3.4 வோல்ட்டை ஒட்டியே படுத்துக்கிடக்கும். 16 செல்லுக்கு அது 54.4 வோல்ட், 24 செல்லுக்கு 81.6. சார்ஜர் வாழ்க்கை முழுவதும் இந்த இரண்டு இடங்களில்தான் கழிகிறது. நான் ஒத்ததிர்வை வைத்திருந்த 60 வோல்ட்டில் இரண்டில் எதுவும் நிற்பதே இல்லை. மக்கள் இறங்காத இடத்தில் பஸ் நிறுத்தம் கட்டியிருக்கிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 16க்கு 24 என்பது 2க்கு 3. இரண்டாம் பக்கச் சுற்றுகளையும் 4, 6 என்று வைத்தால் இரண்டு பேட்டரிகளும் கன்வெர்ட்டரின் கண்ணுக்கு ஒரே பேட்டரியாகிவிடும். செல் ஒன்றுக்கு 3.4 வோல்ட்டில் ஒத்ததிர்வு. 3.65க்கு 1.07 கெயின். முழு மின்னோட்டம் தேவைப்படும் கீழ் எல்லை 3 வோல்ட், அதற்கு 0.88. அவ்வளவுதான் வீச்சு.

வீச்சு இப்படிச் சுருங்கியதும் காந்தமாக்கும் இண்டக்டன்ஸை எட்டு மடங்குக்கு, 376 மைக்ரோஹென்றிக்கு உயர்த்த முடிந்தது. கெப்பாசிட்டர் 54 நானோஃபாரட், முதன்மை 29 சுற்று. காந்தமாக்கும் மின்னோட்டம் உச்சத்தில் 2.7 ஆம்பியராக இறங்கியது. மாஸ்ஃபெட்கள் பூச்சிய வோல்டேஜில் திறக்க (தம்மீது வோல்டேஜ் இல்லாத கணத்தில் கடத்தத் தொடங்க) அது போதும். கூடுதல் கடத்தல் இழப்பு 13 சதவீதம்தான். காற்றிடைவெளி ஒரு மில்லிமீட்டருக்குள் வந்தது. முதல் அடுக்குக்கு முன் டேப் போட்டுக் கம்பியைச் சற்றுத் தள்ளிவைத்ததும் கருகல் நின்றது. முழு லோடில் அதிர்வெண் 77இலிருந்து 160 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கியது. மேலே சொன்ன 94, 96.5 இரண்டும் என் முதல் போர்டிலும் இந்தப் போர்டிலும் டிசி பகுதியில் மட்டும் அளந்தவை.

இரண்டு சுற்றுகளை மாற்றுவது எப்படி? முதலில் டிரான்ஸ்ஃபார்மர் முனையிலேயே ரிலே வைக்க நினைத்தேன். 100 கிலோஹெர்ட்ஸில் 20 ஆம்பியருக்கு மேல் ரிலே வழியாகப் போவது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் 4 சுற்றுக்கு ஒரு ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக்கும் டயோடுகள்), கூடுதல் 2 சுற்றுக்குத் தனி ரெக்டிஃபையர், இரண்டையும் டிசி பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எங்கிருந்து வெளியீட்டை எடுப்பது என்பதை ரிலே தேர்ந்தெடுக்கும்படி செய்தேன். சார்ஜ் தொடங்கும் முன், மின்னோட்டம் இல்லாதபோது மட்டும் ரிலே மாறும். இதில் இரண்டு கண்ணிகள் உண்டு. பயன்படாத 2 சுற்றின் கெப்பாசிட்டர் வோல்டேஜ் கூர்முனைகளைப் பிடித்துக்கொண்டு வோல்டேஜ் ஏறிக்கொண்டே போகும். அதற்கு ஒரு கசிவு ரெசிஸ்டர் வேண்டும். அடுத்து, டிரான்ஸ்ஃபார்மரின் கசிவு இண்டக்டன்ஸையே தொடர் இண்டக்டராகப் பயன்படுத்தும் சிக்கனம் இங்கே செல்லாது. எந்தச் சுற்று வேலை செய்கிறது என்பதைப் பொறுத்துக் கசிவு மாறும், ஒத்ததிர்வும் நகர்ந்துவிடும். தொடர் இண்டக்டரைத் தனியாகப் போடுங்கள்.

எந்தப் பேட்டரி மாட்டப்பட்டிருக்கிறது என்பதை வோல்டேஜை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். நிறைந்த 16 செல் 58.4 வோல்ட், காலியான 24 செல் 60 வோல்ட். நடுவே 1.6 வோல்ட்தான். சற்று அதிகமாகவே காலியான 24 செல் பேட்டரி, நிறைந்த 16 செல்லாக வேடம் போடும். இணைப்பானில் ஓர் அடையாள ரெசிஸ்டர் வைக்கலாம், அல்லது பேட்டரி மேலாண்மை போர்டையே கேட்டுக்கொள்ளலாம். சந்தேகம் வந்தால் 16 என்றே எடுத்துக்கொள்ளட்டும். 24ஐ 16 என்று நினைத்தால் வண்டி சார்ஜ் ஏறாமல் நிற்கும். 16ஐ 24 என்று நினைத்தால் நிற்பது வண்டி மட்டுமாக இருக்காது.

அடிமட்டம் வரை காலியான பேட்டரிக்குச் செல்லுக்கு 2.5 வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம்தான் கொடுப்போம். கெயின் 0.735 வேண்டும். இங்கே பலரும் அதிர்வெண்ணை 300, 400 என்று ஏற்றிப் பார்ப்பார்கள். வராது. லோடு மிகக் குறைவாக இருக்கும்போது அதிர்வெண்ணை எவ்வளவு ஏற்றினாலும் கெயின் ஓர் அளவுக்குக் கீழே இறங்காது. இண்டக்டன்ஸ் விகிதம் எட்டு என்றால் அந்தத் தரை 8/9, அதாவது 0.89. போதாக்குறைக்கு, சுற்றுகளுக்கு இடையேயான கெப்பாசிட்டன்ஸால் மிக உயர்ந்த அதிர்வெண்ணில் கெயின் மறுபடி ஏறவும் செய்யும். விட்டுவிட்டு ஓட்டும் பர்ஸ்ட் முறை ஒரு வழி; ஆனால் பெட்டி சில்வண்டுபோலக் கத்தும், மின்னோட்டமும் குதிக்கும். நான் செய்தது வேறு: பாலத்தின் ஒரு காலில் மேல் மாஸ்ஃபெட்டை அணைத்து, கீழ் மாஸ்ஃபெட்டை நிரந்தரமாகக் கடத்தும் நிலையில் வைத்து முழுப் பாலத்தை அரைப் பாலமாக்கினேன். உள்ளே போகும் வோல்டேஜ் பாதியாகிவிடும். 0.735க்குப் பதில் இப்போது 1.47 கெயின் தேவை. லேசான லோடில் 53 கிலோஹெர்ட்ஸ் அருகே அது தாராளமாகக் கிடைக்கும். கோரின் காந்தப்பாய்வும் ஏறக்குறைய முழு லோடின் மேல் எல்லையில் இருக்கும் அளவேதான், 0.15 டெஸ்லா. முறை மாறும்போது தொடர் கெப்பாசிட்டரில் 200 வோல்ட் டிசி ஏற வேண்டும் என்பதால் கன்வெர்ட்டரை நிறுத்தி, உயர்ந்த அதிர்வெண்ணிலிருந்து மெதுவாகத் தொடங்குங்கள். பேட்டரிக்கு ஒரு நொடி மின்சாரம் நின்றால் கோபம் வராது.

மாஸ்ஃபெட் வெடிப்பதற்கு வருகிறேன். பட்டறையில் ஒரு வாரம் ஓடிய என் முதல் போர்டு, கடலூர் முதுநகரில் ஓர் ஐஸ் தொழிற்சாலையை ஒட்டிய கொட்டகையில் இரண்டு நாளில் போனது. மறுபடி போட்டேன், மறுபடி போனது. மூன்றாம் முறை ஆசிலோஸ்கோப்பைச் சுமந்துகொண்டு பஸ் ஏறினேன். கம்பிரசர் கிளம்பும் ஒவ்வொரு முறையும் வரவு மின்னழுத்தம் சரிந்தது, பிஎஃப்சி (வரும் ஏசியை 400 வோல்ட் டிசியாக்கும் முன்பகுதி) தன் மின்னோட்ட எல்லையைத் தொட்டு 400 வோல்ட்டைத் தாங்க முடியாமல் விட்டது. வெளியீட்டைக் காப்பாற்ற கன்ட்ரோலர் அதிர்வெண்ணை இறக்கிக்கொண்டே போய், கெயின் வளைவின் உச்சியைத் தாண்டி மறுபக்கம் இறங்கிவிட்டது. அந்தப் பக்கம் கெப்பாசிட்டிவ் பகுதி. அங்கே பூச்சிய வோல்டேஜ் திறப்பு கிடையாது. ஒரு மாஸ்ஃபெட்டின் உள் டயோடு இன்னும் கடத்திக்கொண்டிருக்கும்போதே எதிர் மாஸ்ஃபெட் திறந்து 400 வோல்ட்டை அதன் தலையில் போடும். அங்கே அதிர்வெண்ணைக் குறைத்தால் கெயின் இன்னும் குறையும், கன்ட்ரோலர் இன்னும் குறைக்கும். தற்கொலைப் படிக்கட்டு அது.

இதற்கு வைத்தியம் அதிர்வெண்ணுக்கு அசையாத கீழ் எல்லை ஒன்று, டிசி பஸ் வோல்டேஜ் (அந்த 400 வோல்ட்) சரிந்தால் சார்ஜ் மின்னோட்டத்தைத் தானாகக் குறைப்பது இன்னொன்று. என் புதிய வடிவில் முழு லோடின் உச்சக் கெயின் 1.25, தேவை 1.07. எல்லையை 65 கிலோஹெர்ட்ஸில் பூட்டினேன். அரைப் பாலத்தில் லேசான லோடுக்கு மட்டும் அது 50. அடிப்படை அலையை மட்டும் வைத்துப் போடும் வழக்கமான கெயின் கணக்கு ஒத்ததிர்வை விட்டு விலக விலகப் பிசகும் என்பதால், இந்த உச்சியைக் காகிதத்தில் நம்பாமல் போர்டில் அளந்தேன்.

சிலிக்கான் கார்பைடு மாஸ்ஃபெட் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். போடலாம், உள் டயோடு அடி தாங்கும். வீச்சுப் பிரச்சினைக்கு அது பதிலல்ல. பஸ் வோல்டேஜையே பிஎஃப்சியை வைத்து ஏற்றி இறக்குவதும் நல்ல யோசனைதான், ஆனால் 265 வோல்ட் வரவின் உச்சம் 375. கெப்பாசிட்டரோ 450 வோல்ட். நடுவே கிடைப்பது பத்துப் பதினைந்து சதவீத இடம். உங்கள் லோடு பேட்டரியாக இல்லாமல் எந்த வோல்டேஜிலும் நெடுநேரம் நிற்கக்கூடிய ஆய்வக மின்வழங்கியாக இருந்தால் நான் சொன்ன 2க்கு 3 தந்திரம் உதவாது. அப்போது எல்எல்சியை ஒத்ததிர்விலேயே நிறுத்திவிட்டு, பின்னால் வோல்டேஜை இறக்கும் ஒரு பக் கன்வெர்ட்டரை வேலை வாங்குவேன்.

இப்போதைக்கு உங்கள் போர்டில் ஒன்றை மட்டும் செய்து பாருங்கள். வரவை வேரியாக்கில் (ஏசி வோல்டேஜைத் திருகி ஏற்றி இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) மெல்ல 160 வோல்ட்டுக்கு இறக்கி, மாஸ்ஃபெட் திறக்கும் கணத்தில் தொடர் இண்டக்டரின் மின்னோட்டம் எந்தத் திசையில் இருக்கிறது என்று பாருங்கள். லோடைப் பாதியாக வைத்துச் செய்யுங்கள், கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். அலைவடிவத்தின் படத்தைக் கருத்தில் போட்டால் பார்த்துச் சொல்கிறேன்.