டிகிரியா, டிராஃப்டா?

கேள்வி: மகன் டெக்சஸில் கல்லூரி மூன்றாம் ஆண்டு படிக்கிறான், பேஸ்பாலில் பந்து எறியும் பிட்சர். தொழில்முறை அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் ஜூலை டிராஃப்டில் ஏதாவது ஓர் அணி எடுத்துவிடும் என்கிறார்கள். "இன்னும் ஓராண்டுதானே, பட்டத்தை முடித்துவிட்டுப் போ" என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான். எப்படிப் புரியவைப்பது? – ஒரு தந்தை

பதில்: அதற்கு முன் நீங்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 'ஓராண்டுதானே' என்பது படிப்புக்குச் சரி, பேரத்துக்குச் சரிவராது. மூன்றாம் ஆண்டு முடித்தவன், "தொகை கட்டுப்படியாகவில்லை, கல்லூரிக்கே போகிறேன்" என்று சொல்லலாம். அந்தப் பயத்தில்தான் அணிகள், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்காகக் கொடுக்கும் போனஸை ஏற்றுகின்றன. நான்காம் ஆண்டும் முடிந்துவிட்டால், பெரும்பாலும் கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அதற்காக எதைக் கொடுத்தாலும் கையெழுத்துப் போடச் சொல்லவில்லை. முதலில், உச்ச மட்டமான மேஜர் லீக்குக்குக் கீழே இருக்கும் மைனர் லீக், பஸ்ஸில் ஊர் ஊராக அலைச்சல். 2023-இல் நிர்ணயித்த சம்பளம் அதன் கீழ்ப்படிகளில் ஒன்றான சிங்கிள்-ஏவில் ஆண்டுக்கு 26,200 டாலர், அதைவிட மேல்படியான டபுள்-ஏவில் 30,250. ஆக, போனஸ்தான் கையில் நிற்கும் பணம். அதிலும் வரி போகும்.

பிட்சரின் கையை நம்பிக் காத்திருப்பதும் ஆபத்துதான். பிட்சர் குமார் ராக்கரைத் தெரிந்திருக்கும், அவருடைய அம்மா இந்திய வம்சாவளி. வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மாணவரான அவரை 2021 டிராஃப்டில் நியூயார்க் மெட்ஸ் அணி பத்தாவது ஆளாக எடுத்தது. 60 லட்சம் டாலர் என்று பேசியும் முடித்தார்கள். மருத்துவப் பரிசோதனையில் கையைப் பற்றிச் சந்தேகம் வர, எல்லாம் நின்றுபோனது. மறு ஆண்டு ஒரு சின்ன லீக்கில் பந்து எறிந்து காட்டிய பிறகு டெக்சஸ் ரேஞ்சர்ஸ் மூன்றாவது ஆளாக எடுத்து 52 லட்சம் கொடுத்தது. 2023-இல் முழங்கையில் அறுவை சிகிச்சை. மேஜர் லீக்கில் இறங்கியது 2024 செப்டம்பரில். இப்படி மறுவாய்ப்பு எல்லாருக்கும் அமையாது.

உங்கள் கவலைக்கும் வழி இருக்கிறது. மீதிப் படிப்பின் செலவை அணியே ஏற்கும்படி முதல் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கலாம். பிறகு கேட்டால் கிடைக்காது. விளையாட்டை விட்டு இரண்டு ஆண்டுகளுக்குள் படிப்பைத் தொடங்கிவிட வேண்டும் என்ற நிபந்தனையைப் பையனுக்கும் காட்டுங்கள்.

டிராஃப்ட் அன்று போனில் தொகை கேட்பார்கள். உட்கார்ந்து யோசிக்க நேரமிருக்காது. வீட்டில் இப்போதே ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். அதற்குக் கீழே என்றால் கல்லூரி, மேலே என்றால் கையெழுத்து. அப்புறம், பட்டத்துக்கு இன்னும் எத்தனை கிரெடிட் பாக்கி, ஒரு செமஸ்டருக்கு என்ன செலவு என்று கல்லூரியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதை வைத்துத்தான் படிப்புத் தொகையைப் பேச முடியும்.