பேட்டரி தீர்ந்த ரோபோ கை

கேள்வி: பழைய ஃபனுக் நிறுவன எம்-10ஐஏ தொழிற்சாலை ரோபோ கை வாங்கியிருக்கிறேன். ஆன் செய்ததும் எஸ்ஆர்விஓ-062 அலாரம் வருகிறது. மோட்டார் போய்விட்டதா?

பதில்: மோட்டாரைக் கழற்றிவிடாதீர்கள்! என்கோடர் (மோட்டார் எவ்வளவு சுழன்றது என்று அளக்கும் சென்சார்) பேட்டரி தீர்ந்ததால், ஒவ்வோர் அச்சும் (சுழலும் மூட்டும்) எங்கே நிற்கிறது என்ற கணக்கு அழிந்திருக்கிறது. அடிப்பகுதியிலுள்ள டி சைஸ் அல்கலைன் செல்கள் நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள். பச்சை பூத்த முனைகளைச் சுரண்டித் துடையுங்கள். டீச் பெண்டன்டின் (கையில் பிடிக்கும் இயக்குபலகை) மாஸ்டர்/கால் திரையில் பல்ஸ்கோடர் (அதே என்கோடர்தான்) அலாரத்தை ரீசெட் செய்து, கன்ட்ரோலரை அணைத்து மீண்டும் ஆன் செய்யுங்கள். அடுத்து எஸ்ஆர்விஓ-075 அலாரம் வரும், பயம் வேண்டாம். ஜாயின்ட் மோடில் (மூட்டுகளைத் தனித்தனியாக இயக்கும் முறை) ஒவ்வோர் அச்சையும் மெதுவாக, மோட்டார் ஒரு சுற்றாவது சுற்றும்வரை நகர்த்துங்கள். பிறகு மூட்டுகளில் பொறித்த கோடுகளை நேருக்கு நேர் நிறுத்தி ஜீரோ பொசிஷன் மாஸ்டரிங் (அந்த நிலையையே பூஜ்ஜியமாகப் பதிவது), அதன்பின் காலிப்ரேட் செய்யுங்கள். கோடு மயிரிழை விலகினாலும் கை நுனியில் மில்லிமீட்டர் கணக்கில் பிசகும். டார்ச் அடித்து, கண்ணை மட்டத்தில் வைத்துப் பாருங்கள். முட்டுக்கொடுக்காமல் பிரேக்கை விடுவிக்கவே கூடாது, கை சட்டென்று விழும்.