சுருதிச் செயலி, தாளச் செயலி: உங்கள் கேள்விகள்

தனியாளாக இசைச் செயலி எழுதும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பிரௌசரில் ஓடும் தாளச் செயலி எழுதியிருக்கிறேன். நிமிடத்துக்கு 70 அடி. செட்இன்டர்வல் என்ற டைமர் மூலம் ஒவ்வொரு அடிக்கும் ஒலி கொடுக்கிறேன். ஆதி தாளம் நாலைந்து ஆவர்த்தனத்துக்குள் (தாளச் சுற்றுக்குள்) தள்ளாடுகிறது. கணினி வேகமானதுதான். எங்கே தப்பு?
— வாசகர், கும்பகோணம்

கணினியின் வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 857 மில்லிவினாடிக்கு ஒருமுறை எழுப்பு என்று டைமரிடம் சொல்கிறீர்கள். ஏறக்குறைய அந்த நேரத்தில் எழுப்பும், அவ்வளவுதான். திரையை வரைவது, நினைவகத்தைச் சுத்தம் செய்வது என்று எந்த வேலை குறுக்கே வந்தாலும் அடி பிந்தும். டேப் பின்னணிக்குப் போய்விட்டால் பிரௌசரே டைமரை வினாடிக்கு ஒரு தடவையாகக் குறைத்துவிடும்.

ஒலிக்கென்று ஒரு கடிகாரம் தனியாக ஓடுகிறது. பிரௌசரின் ஒலிப்பகுதியான ஆடியோகான்டெக்ஸ்ட் தரும் கரன்ட்டைம், எத்தனை சாம்பிள் (ஒலியை அளந்த எண்) வெளியே போனது என்ற கணக்கிலிருந்து வருவது. அடியை அதில்தான் குறிக்க வேண்டும். டைமரை 25 மில்லிவினாடிக்கு ஒருமுறை எழுப்புங்கள். எழுந்ததும், அடுத்த 100 மில்லிவினாடிக்குள் விழ வேண்டிய அடிகளை மட்டும் அவற்றின் சரியான நேரத்தோடு ஒலிப்பகுதியிடம் ஒப்படையுங்கள். இனி டைமர் 60 மில்லிவினாடி பிந்தினாலும் காதுக்குத் தெரியாது. 100-ஐ 500 ஆக்கினால் இன்னும் பத்திரம்தானே என்று தோன்றும். அப்படிச் செய்தால், காலப்பிரமாணத்தை (தாள வேகத்தை) மாற்றியது அரை வினாடி கழித்தே கேட்கும். பயிற்சி செய்கிறவருக்கு அது எரிச்சல். டேப் மறைந்திருக்கும்போது மட்டும் 1.5 வினாடியாக நீட்டிக்கொள்ளலாம். திரையில் மின்னும் விளக்கும் ஒலிக் கடிகாரத்தைப் பார்த்தே மின்ன வேண்டும், டைமரைப் பார்த்து அல்ல.

பின்னத்தை வெட்டாதீர்கள். வினாடிக்கு 48,000 சாம்பிள் என்ற கணக்கில், 72 அடி வேகத்துக்கு ஓர் அடி சரியாக 40,000 சாம்பிள். உங்கள் 70-க்கு 41,142.857. அதை 41,142 என்று வைத்தால் நிமிடத்துக்கு 60 சாம்பிள், அதாவது 1.25 மில்லிவினாடி முந்தும். ஒரு மணி நேரத்தில் 75 மில்லிவினாடி. பின்னத்தைக் கூடவே சுமந்து வந்து, ஒலிக்கும் இடத்தில் மட்டும் முழு எண்ணாக்குங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். தாளத்தை மேற்கத்திய மெட்ரோனோம் மாதிரி வெறும் 8 என்ற எண்ணாகச் சேமித்திருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். அங்கங்களின் பட்டியலாக வையுங்கள்: லகு 4, திருதம் 2, திருதம் 2. அப்போது 1, 5, 7-இல் தட்டு, 2, 3, 4-இல் விரல், 6, 8-இல் வீச்சு என்பது தானாகக் கிடைக்கும். மூன்றுக்கும் மூன்று அளவு ஒலி கொடுக்கலாம். மிச்ர சாபுவை 3+4 என்று எழுதவும் இடமிருக்கும். நடையை (ஓர் அடிக்குள் எத்தனை பகுதி என்பதை) தனி எண்ணாக வைத்தால் திச்ரத்திலிருந்து சங்கீர்ணம் வரை ஒரே நிரல் போதும். தரவின் வடிவம் தாளத்தின் வடிவத்தோடு ஒத்திருந்தால் பிற்பாடு எழுத வேண்டிய இஃப் வரிகள் பாதியாகக் குறையும்.

தம்புரா ஒலிப்பதிவை எம்பி3 ஆக வைத்துச் சுழற்றுகிறேன். சுற்று முடியும் இடத்தில் சின்ன இடைவெளி கேட்கிறது. வெட்டிப் பார்த்தும் போகவில்லை.
— வாசகி, யாழ்ப்பாணம்

போகாது. எம்பி3 ஒலியை 1,152 சாம்பிள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து வைக்கிறது. சுருக்கும்போது முன்னாலும் பின்னாலும் மௌனம் ஒட்டிக்கொள்ளும். வேவ், ஃபிளாக், ஆக் வோர்பிஸ் என்ற கோப்பு வகைகள் மூன்றில் ஒன்றுக்கு மாறுங்கள்.

ஆனால் முழுச் சுற்றையும் சுழற்றுவதே சரியில்லை என்பது எங்கள் கருத்து. மீட்டும் வேகத்தை மாற்ற முடியாது. அரை மணி நேரம் கேட்டால் ஒரே சுற்று திரும்பத் திரும்ப வருவது காதுக்குப் பிடிபட்டுவிடும். தந்திகளைத் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள்: ப, ம, நடுத் தந்திக்கு இரண்டு தனிப் பதிவு, கீழ் ஸ. ஆக 5. ஒவ்வொன்றும் 10 வினாடி அதிர்ந்து அடங்கட்டும். அதே தந்தியை மறுபடி மீட்டும்போது பழைய ஒலியை 20 முதல் 30 மில்லிவினாடிக்குள் இறக்குங்கள். விரல் பட்டதும் தந்திக்கு நடப்பதும் அதுதான். சட்டென்று நிறுத்தினால் 'டிக்' கேட்கும்.

ஒரே பதிவை இழுத்து எல்லாக் கட்டைக்கும் (ஆதார சுருதிக்கும்) பொருத்தினால் குடத்தின் ஒத்ததிர்வும் சேர்ந்து நகரும், ஜீவாரி தரும் ரீங்காரத்தின் குணமே மாறிவிடும். மூன்று அரைச்சுரத்துக்கு ஒரு பதிவு, ஆக 4 சுருதி என்று வைத்துக்கொண்டால், எந்தப் பதிவும் ஓர் அரைச்சுரத்துக்கு மேல் நகர வேண்டியதில்லை. மொத்தம் 20 பதிவு. மோனோ, 16 பிட், 48,000 என்றால் 19.2 மெகாபைட்.

பஞ்சமத்தை கீபோர்டு கணக்கில் 700 சென்ட் என்று வைத்தால் என்ன? 2 சென்ட் வித்தியாசம் யாருக்குத் தெரியப்போகிறது?
— வாசகர், கோயம்புத்தூர்

சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூற்றில் ஒரு பங்கு. சுரத்தைத் தனியாகக் கேட்டால் 2 சென்ட் தெரியாது. சேர்ந்து ஒலிக்கும்போது தெரியும். 1 கட்டை ஸ 261.63 ஹெர்ட்ஸ். அதன் மூன்றாம் மேற்சுரம் (மூன்று மடங்கு அதிர்வெண்) 784.88. கீபோர்டுப் பஞ்சமம் 392.00, அதன் இரண்டாம் மேற்சுரம் 783.99. இரண்டும் உரசி, வினாடிக்குச் சற்றேறக்குறைய ஒரு தடவை ஏறி இறங்கும். சுருதி 'அசைகிறது' என்று பாடகர் சொல்வது இதைத்தான். 3/2 விகிதத்தில் 392.44 வைத்தால் அசைவு நின்றுவிடும். சுருதியை நகர்த்தும் ஸ்லைடரை ஹெர்ட்ஸில் வைக்காமல் சென்ட்டில் வையுங்கள், கூட்ட 50, குறைக்க 50. இல்லாவிட்டால் கீழ்க் கட்டையில் விரல் அசைத்த அளவுக்கும் மேல் கட்டையில் அசைத்த அளவுக்கும் வேறு வேறு பலன் வரும்.

ஆண்ட்ராய்டில் ஓபோ என்ற ஒலி நூலகம் கொண்டு சி++ இல் சுருதி உண்டாக்குகிறேன். முதலில் சுத்தமாக இருக்கிறது. ஐந்து நிமிடம் தாண்டியதும் கரகரப்பு, பிறகு ஒலியே இல்லை.
— வாசகர், சிங்கப்பூர்

சாம்பிள் எண்ணிக்கையை ஃப்ளோட் (32 பிட் பின்ன எண்) மாறியில் கூட்டிக்கொண்டே போகிறீர்கள். ஃப்ளோட்டில் 1,67,77,216-ஐத் தாண்டி ஒன்றைக் கூட்ட முடியாது. கூட்டினாலும் அதே எண்தான் நிற்கும். 48,000 ஆல் வகுத்தால் 349.5 வினாடி, அதாவது 5 நிமிடம் 50 வினாடி. அதற்கு முன்பே நேரத்தின் துல்லியம் தேய்வதால் கரகரக்கிறது. நேரத்தையே வைத்துக்கொள்ளாதீர்கள். அலையின் ஒரு சுற்றில் எங்கே இருக்கிறோம் என்பதை 0 முதல் 1 வரை காட்டும் எண் ஒன்று போதும்: ஒவ்வொரு சாம்பிளுக்கும் அதிர்வெண்/48,000 கூட்டுங்கள், 1-ஐத் தொட்டால் 1-ஐக் கழியுங்கள்.

கையோடு கால்பேக்கையும் (ஒலி வேண்டும்போதெல்லாம் ஓபோ அழைக்கும் உங்கள் நிரல்பகுதியையும்) ஒருமுறை படித்துப் பாருங்கள். ஒவ்வொரு அழைப்பிலும் நிரப்ப வேண்டிய பஃபர் 192 சாம்பிள் என்றால் உங்களுக்குக் கிடைப்பது 4 மில்லிவினாடி. அதற்குள் நினைவகம் கேட்பது, கோப்பைத் திறப்பது, பூட்டுக்குக் காத்திருப்பது, லாக் எழுதுவது எதுவும் கூடாது. சோதனைக்காகப் போட்ட ஒரு லாக் வரி மறந்துபோய் அங்கேயே கிடப்பது ரொம்ப சகஜம்.

ப்ளூடூத் ஹெட்செட்டில் மிருதங்க பேடு பிந்துகிறது. நிரலில் சரி செய்ய முடியுமா?
— வாசகர், மதுரை

முடியாது. தாமதம் ஹெட்செட் வழியில் இருக்கிறது, 100 மில்லிவினாடிக்கு மேல் சாதாரணம். கம்பி ஹெட்போன் போடச் சொல்லி ஒரு வரி காட்டுங்கள்.

பயன்படுத்துகிறவர்கள் புதுப் புது வசதி கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். திரையில் 40 பொத்தான் ஆகிவிட்டது. எதை எடுப்பது?
— வாசகி, சென்னை

வீணையை மடியில் வைத்திருப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கையும் வேலையாக இருக்கிறது, போன் தரையில் மூன்றடி தள்ளிக் கிடக்கிறது. அங்கிருந்து தொட வேண்டியவை தொடங்கு/நிறுத்து, கட்டை, ஒலியளவு. இந்த மூன்றும் பெரிதாக முதல் திரையில் இருக்கட்டும். மற்றதெல்லாம் உள்ளே. 48 டிபி (ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு) என்பது பொத்தானுக்குக் குறைந்தபட்ச அளவு, இங்கே அது போதாது. இரண்டு மடங்காவது வையுங்கள். திறந்ததும் நேற்றைய கட்டையிலேயே நிற்க வேண்டும். பயிற்சி நடுவில் 'எங்களுக்கு நட்சத்திரம் கொடுங்கள்' என்று கேட்கும் பெட்டி வந்தால், ஒரே ஒரு நட்சத்திரம்தான் கிடைக்கும்.

பொத்தானே இல்லாத வசதிகளுக்கு நேரம் ஒதுக்குங்கள். அழைப்பு வந்து முடிந்தால் சுருதி தானாகத் தொடர வேண்டும். ஹெட்போன் கழன்றால் மட்டும் நிறுத்திவிட வேண்டும். பேருந்தில் ஸ்பீக்கர் வழியே தம்புரா அலறக் கூடாது.

வெளியிட எவ்வளவு செலவாகும்?
— வாசகர், திருநெல்வேலி

கூகுள் ப்ளேவில் ஒரு தடவை 25 டாலர், ஆப்பிளில் ஆண்டுக்கு 99 டாலர். ப்ளேவில் புதிதாகத் தனிநபர் கணக்குத் தொடங்கினால், 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகே பொதுவில் வெளியிட விண்ணப்பிக்க முடியும். பாட்டு வகுப்பில் கேட்டுப் பாருங்கள், 12 பேர் அங்கேயே கிடைத்துவிடுவார்கள்.