வேக்ஸா, சீலன்டா? கார் பெயின்ட் பாதுகாப்பு பற்றிய கேள்வி பதில்

மதுரையிலிருந்து: சார், வண்டி வெள்ளை ஹேட்ச்பேக். பகல் முழுக்க வெயிலில்தான் நிற்கும். கார்னாபா வேக்ஸ் வாங்கவா, சீலன்ட் வாங்கவா? ஒன்று மட்டும் சொல்லுங்கள்.

சீலன்ட்.

கார்னாபா, பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து எடுக்கும் மெழுகு. தனியாக இருந்தால் 82 முதல் 86 டிகிரியில்தான் உருகும். ஆனால் அந்த நிலையில் அது கல் மாதிரி இருக்கும், கையால் தேய்க்க வராது. அதனால் எண்ணெய், கரைப்பான், வேறு மென்மையான மெழுகுகள் எல்லாம் கலந்துதான் டப்பாவில் அடைக்கிறார்கள். அந்தக் கலவை இன்னும் குறைந்த சூட்டிலேயே இளகிவிடும். சித்திரை வெயிலில் கறுப்புக் காரின் கூரை 70 டிகிரியைத் தொடும். வெள்ளை வண்டிக்குச் சூடு குறைவுதான், என்றாலும் நம் வெயிலில் கார்னாபா ஒன்றரை மாதம் தாங்கினாலே நல்லது. சீலன்ட் என்பது செயற்கை பாலிமரால் ஆன பூச்சு, அது 4 முதல் 6 மாதம் நிற்கும். கார்னாபாவின் ஆழமான பளபளப்பும் கறுப்பு, அடர்சிவப்பு நிறங்களில்தான் எடுபடும். வெள்ளையில் அவ்வளவாகத் தெரியாது.

கடையில் வாங்கும்போது டப்பாவின் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். மெக்வையர்ஸ் அல்டிமேட் லிக்விட் வேக்ஸ், பெயரில் வேக்ஸ் என்றாலும் செயற்கை சீலன்ட் வகை. காலினைட் 845 கார்னாபாவும் பாலிமரும் சேர்ந்தது. ‘கிளீனர் வேக்ஸ்’ என்று இருந்தால் அதில் தேய்க்கும் துகளோ கரைப்பானோ இருக்கும். ஏற்கெனவே போட்டிருக்கும் பூச்சை அது வழித்தெடுத்துவிடும்.

அதே நண்பர்: சரி சார், சீலன்டே வாங்கிவிடுகிறேன். கழுவிவிட்டு நேராகப் பூசலாமா?

கூடாது. பத்தில் எட்டுப் பேர் கோட்டைவிடும் இடம் இதுதான். சீலன்ட் பெயின்ட்டோடு ஒட்ட வேண்டும். நடுவில் பழைய மெழுகோ எண்ணெயோ பிரேக் தூளோ இருந்தால் அதன்மேல்தான் ஒட்டும், இரண்டு மூன்று கழுவலில் போய்விடும்.

நிழலில், பெயின்ட் கைக்குக் குளிர்ந்த பிறகு ஆரம்பியுங்கள். கார் ஷாம்பூவில் கழுவி, ஈரத்தோடு அயர்ன் ரிமூவர் அடியுங்கள். பெயின்ட்டில் குத்தி நிற்கும் இரும்புத் துகள் ஊதாவாக வழியும். 3 முதல் 5 நிமிடத்தில், காய்வதற்குள், நன்றாக அலசிவிடுங்கள். நாற்றம் குடலைப் பிரட்டும், காற்றோட்டமான இடம் வேண்டும்.

பிறகு கையை மெல்லிய பாலிதீன் பைக்குள் விட்டு பானட்டைத் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத நறநறப்பு அப்போது தெரியும். தெரிந்தால் கிளே பார் தேவை, அதாவது ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் மாதிரியான துண்டு. 40, 50 கிராம் துண்டு போதும். ஷாம்பூ தண்ணீரைத் தாராளமாக விட்டு, இரண்டடிக்கு இரண்டடியாக, அழுத்தாமல் நேர்கோட்டில் ஓட்டுங்கள். அழுக்கானதும் மடித்துப் புதுப் பக்கத்தைத் திருப்புங்கள். தரையில் விழுந்த கிளேயை விலை பார்க்காமல் தூக்கிப் போடுங்கள். ஒட்டிய ஒரு மணல் போதும், வண்டி முழுக்கக் கீறல்.

கடைசியாக, 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, டிஸ்டில்டு வாட்டர் நான்கு பங்கு கலந்து துடைத்துவிட்டுப் பூசுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து: பூசியபின் திட்டுத்திட்டாக மங்கலாக இருக்கிறது. எவ்வளவு துடைத்தும் போகவில்லை. சரக்கு மட்டமா?

அதிகமாகப் பூசியிருப்பீர்கள், அல்லது சூடான பெயின்ட்டில் பூசியிருப்பீர்கள். சின்ன கார் முழுவதற்கும் திரவ சீலன்ட் 20 முதல் 25 மில்லி போதும். பெயின்ட்டில் தங்குவது ஒரு மைக்ரானுக்கும் குறைவான படலம், மிச்சமெல்லாம் உங்கள் துணிக்குத்தான். ஃபோம் அப்ளிகேட்டரில் புளியங்கொட்டை அளவு வைத்து ஒரு பேனலை முடிக்கப் பாருங்கள். விரலால் ஓர் இழுப்பு இழுத்தால் பளிச்சென்று கோடு விழ வேண்டும், அப்போதுதான் துடைக்கலாம். இழுவினால் இன்னும் காயவில்லை. கடலோரத்தில் ஈரப்பதம் அதிகம், டப்பாவில் சொன்ன நேரத்தைவிடக் கூடுதலாகவே எடுக்கும்.

இப்போதைக்கு, அதே சீலன்டை மெல்லியதாக அந்தத் திட்டின்மேல் மறுபடி தடவி உடனே துடையுங்கள். பழைய மிச்சம் கரைந்து வந்துவிடும். 300 முதல் 400 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கனம்) மைக்ரோஃபைபர் துணி இரண்டு வேண்டும், ஒன்று எடுக்க, ஒன்று மெருகேற்ற. அவற்றைத் துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் கூடாது, துடைத்தபின் தெரியும் கோடுகளுக்குப் பல நேரம் அதுதான் காரணம்.

சென்னை, ஓஎம்ஆர்: எங்கள் அபார்ட்மென்டில் போர் தண்ணீர்தான். வேக்ஸ் போட்டால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுவது நிற்குமா?

நிற்காது. சொல்லப்போனால் இன்னும் எடுப்பாகத் தெரியும். பூச்சு தண்ணீரை முத்து முத்தாகத் திரட்டும். ஒவ்வொரு முத்தும் காய்ந்த இடத்தில் கால்சியம் வட்டமாகப் படியும். வெயிலேறுமுன் கழுவி, ஒரு பக்கம் முடித்ததும் அந்தப் பக்கத்தைத் துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி மெட்ரோ தண்ணீரோ மழைத் தண்ணீரோ கிடைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஆர்ஓ மெஷினின் கழிவுத் தண்ணீரைப் பிடித்துவைத்துக் கழுவுகிறவர்கள் உண்டு. சிக்கனம் சரி, ஆனால் போர் தண்ணீரைவிட உப்பு கூடியது அது. தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

விழுந்துவிட்ட புள்ளிக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமபங்கு. துணியில் நனைத்து, குளிர்ந்த பெயின்ட்டில் ஒன்றிரண்டு நிமிடம் ஒற்றி, ஷாம்பூவில் கழுவுங்கள். அந்த இடத்தில் பூச்சும் கொஞ்சம் போயிருக்கும், மறுபடி போட்டுவிடுங்கள். வினிகருக்கும் அசையவில்லை என்றால் கிளியர் கோட்டில், அதாவது நிறத்துக்கு மேலிருக்கும் நிறமற்ற பெயின்ட் அடுக்கில், பள்ளம் விழுந்திருக்கிறது, பாலிஷ்தான் வழி.

திருச்சியிலிருந்து: புது வண்டி எடுக்கப் போகிறேன். ஷோரூமில் டெஃப்லான் கோட்டிங் போடச் சொல்லி வற்புறுத்துகிறார்கள்.

டெஃப்லான் என்பது ஃபுளூரோபாலிமர். தோசைக்கல்லில் அதை நிரந்தரமாக ஒட்டவைக்க 327 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டில் கார் பெயின்ட் கருகிவிடும். ஷோரூமில் போடுவது அந்தப் பொடி கலந்த சாதாரண சீலன்ட்தான். கெடுதல் இல்லை, விலைக்குத் தகுதி இல்லை. அதே வேலையை ஒரு பாட்டில் சீலன்டில் நீங்களே வருடம் முழுக்கச் செய்யலாம். இதைவிட முக்கியமாக ஒன்று: ஒவ்வொரு சர்வீஸுக்கும் ‘ரப்பிங் பாலிஷ்’ சேர்த்தால் வேண்டாம் என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். கிளியர் கோட்டின் மொத்தக் கனமே 35 முதல் 50 மைக்ரான். ஒவ்வொரு ரப்பிங்கும் அதில் கொஞ்சத்தைச் சுரண்டுகிறது, போனது திரும்பாது.

சேலத்திலிருந்து: பம்பர் புதிதாகப் பெயின்ட் அடித்து ஒரு வாரம் ஆகிறது. அதற்கும் சேர்த்துப் போடலாமா?

வேண்டாம். தொழிற்சாலைப் பெயின்ட் 120, 140 டிகிரியில் வேகவைத்தது, முதல் நாளே போடலாம். பட்டறையில் 60 டிகிரி பூத்தோ (சூடேற்றும் அறை) வெறும் காற்றோதான். கரைப்பான் வெளியேற நாளாகும், மேலே மூடினால் மங்கலோ கொப்புளமோ வரும். குறைந்தது 30 நாள், காற்றில் காயவைத்தது என்றால் 60 நாள். அதுவரை தண்ணீரும் ஷாம்பூவும் போதும்.

கோவையிலிருந்து: சீலன்ட் மேல் வேக்ஸ், இரண்டும் போடலாமா? கறுப்பு செடான்.

போடலாம், வரிசை மாறக் கூடாது. முதலில் சீலன்ட், நனையாமல் 12 முதல் 24 மணி நேரம், பிறகு கார்னாபா. மாற்றிச் செய்தால் சீலன்ட் மெழுகின்மேல் உட்காரும், மெழுகோடு போகும்.

கறுப்பு வண்டி என்பதால் இதையும் கேட்கிறேன்: தினமும் காலையில் ஒருவர் வந்து ஒரே துணியில் துடைக்கிறாரா? அப்படியானால் முதலில் அதை நிறுத்துங்கள். காய்ந்த தூசியைத் தேய்ப்பது உப்புத்தாள் போடுவது போலத்தான். வெயிலில் தெரியும் சிலந்திவலைக் கோடுகள் அதனால் வருபவை, எந்தப் பூச்சும் தடுக்காது.

தஞ்சாவூரிலிருந்து: சீலன்ட் போட்டபின் காக்கை எச்சம் கறை பிடிக்காதுதானே?

கொஞ்ச நேரம் கிடைக்கும், அவ்வளவுதான். வெயிலில் சூடேறிய கிளியர் கோட் இளகியிருக்கும்போது எச்சம் அதில் பதிந்து, மாலையில் இறுகும்போது தடம் விட்டுவிடும். அன்றைக்கே எடுங்கள். காய்ந்திருந்தால் சுரண்டாமல், ஈரத்துணியை 5 நிமிடம் மேலே போட்டு ஊறவைத்து, தூக்கி எடுங்கள். தூங்குமூஞ்சி மரத்தடியில் விழும் பிசுபிசுப்புக்கும் இதே வழி, தண்ணீர் மட்டும் வெதுவெதுப்பாக.