விவாகரத்து முடிந்தது, கடன் முடியவில்லை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பிரிந்து நாலு வருடம் ஆகிறது. வழக்குச் செலவு, மகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் கிரெடிட் கார்டில் ஏறி, இப்போது பாக்கி 2 லட்சம். மாதம் 10,000 ரூபாய் கட்டியும் குறைகிற மாதிரியே இல்லை. அம்மா போட்ட நகை மட்டும் கையில் இருக்கிறது. – வாசகி, மதுரை

கார்டு வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 2 லட்சத்துக்கு வட்டி மட்டுமே 7,000 ரூபாய். முதல் மாதம் நீங்கள் கட்டும் பத்தாயிரத்தில் அசலுக்குப் போவது வெறும் 3,000. இப்படியே போனால் அடைத்து முடிக்க ஏறக்குறைய 35 மாதம் ஆகும்.

நகையை வங்கியில் வைத்து, ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில் 2 லட்சம் வாங்கி, கார்டை ஒரே தடவையில் அடைத்துவிடுங்கள். அப்புறம் அதே பத்தாயிரத்தை நகைக்கடனுக்குக் கட்டி வந்தால் 22 மாதத்தில் முடிந்துவிடும். சம்பளம் ஒரு ரூபாய்கூட ஏறாமலே 13 மாதம் மிச்சம்.

அம்மா போட்ட நகையை அடகு வைக்க மனசு வராது, தெரியும். அதனால்தான் இரண்டு விஷயங்களில் கறாராக இருக்கச் சொல்கிறேன். ஒன்று, அடைத்த கையோடு கார்டை மூடிவிடுங்கள். மூடாவிட்டால் ஒரு வருடத்தில் இரண்டு கடன் நிற்கும்; இப்படி ஆனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, மாதாமாதம் அசலிலும் கட்டலாமா என்று வாங்கும்போதே வங்கியில் கேளுங்கள். வருடக் கடைசியில் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கும் பழக்கத்துக்குப் போனால் நகை வீட்டுக்கு வராது.

வீட்டுக் கடனில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வீட்டில் இருப்பது முன்னாள் கணவர். தவணை கட்டுவது அவர் பொறுப்பு என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. ஆனால் வங்கி என்னைத்தான் கூப்பிடுகிறது. – வாசகி, கோவை

அந்தத் தீர்ப்பு உங்கள் இருவருக்கும் இடையில் உள்ளது. வங்கி அந்த வழக்கில் ஒரு தரப்பு இல்லை, அதனால் அது வங்கியைக் கட்டுப்படுத்தாது. கையெழுத்து இருக்கும் வரை முழுக் கடனுக்கும் நீங்களும் பொறுப்புதான். அவர் தவணையைத் தவறவிட்டால் உங்கள் சிபில் மதிப்பெண்ணும் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் மதிப்பெண்) விழும்.

கடனை அவர் பெயருக்கு மட்டும் மாற்றித் தரும்படி வங்கியில் இருவரும் சேர்ந்து எழுதிக் கொடுங்கள். அவருடைய வருமானம் போதும் என்று தெரிந்தால்தான் வங்கி சம்மதிக்கும். இல்லையென்றால் வீட்டை விற்று அடைப்பதுதான் வழி. மிக முக்கியமாக, கடனிலிருந்து விடுவித்த கடிதத்தை வங்கி தருவதற்கு முன்னால் வீட்டில் உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். வீடு போய்விடும், கடன் உங்களிடம் நிற்கும்.

பரஸ்பர சம்மத மனு இன்னும் நிலுவையில் உள்ளவர்கள், யார் எந்தக் கடனை எந்தத் தேதிக்குள் மாற்ற வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

முன்னாள் கணவர் வாங்கிய பெர்சனல் லோனுக்கு வசூல் ஆட்கள் என் அம்மாவுக்குப் போன் செய்து மிரட்டுகிறார்கள். நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. – வாசகி, சேலம்

கையெழுத்து இல்லையென்றால் அந்தக் கடன் உங்களுடையது இல்லை. ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

ஜீவனாம்சம் 10 மாதமாக வரவில்லை. அதை ஈடுகட்டக் கைமாற்று வாங்கி வாங்கியே கடன் ஏறிவிட்டது. கடனை முதலில் பார்ப்பதா, இதைப் பார்ப்பதா? – வாசகி, திருச்சி

இதை முதலில் பாருங்கள். இந்த வாரமே. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவில் (இப்போது அதற்குப் பதிலாக வந்துள்ள பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 144ஆவது பிரிவு) வாங்கிய உத்தரவு என்றால், ஒவ்வொரு மாதத் தொகைக்கும் அது நிலுவையான ஓராண்டுக்குள், அதை வசூலித்துத் தரும் வாரண்டு கேட்டு மனுப் போட வேண்டும். முதலில் நின்ற மாதத்தின் தொகைக்கு உங்களுக்கு இன்னும் ஏறக்குறைய இரண்டு மாதம்தான் இருக்கிறது. வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். உத்தரவு நகலையும் பேங்க் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு போங்கள்.