கார் பூட் சேலில் வாங்கிய கரண்டி: நான்கு முத்திரை, காந்தமும் ஒட்டவில்லை, வெள்ளிதானா?

கார் பூட் சேலில், அதாவது பழைய பொருட்களைக் காரின் டிக்கியில் வைத்து விற்கும் சந்தையில், மூன்று பவுண்டுக்கு ஆறு கரண்டி வாங்கி, வெள்ளியா என்று கேட்கிறீர்கள். அநேகமாக வெள்ளி இல்லை, வெள்ளி முலாம். நீங்கள் சொல்லும் "நான்கு சின்னக் கட்டங்கள்" பெரும்பாலும் ஈ, பி, என், எஸ் என்ற ஆங்கில எழுத்துகளாகத்தான் இருக்கும். நிக்கல் கலவையின் மேல் மின்முலாம் பூசியது என்று பொருள். பழைய கம்பெனிகள் வேண்டுமென்றே அந்த எழுத்துகளை வளைந்த பழைய பாணியில், தனித்தனிக் கேடயத்துக்குள் அடித்தன. அவசரத்தில் பார்த்தால் ஹால்மார்க் போலவே தெரியும்.

காந்தத்தை நம்பாதீர்கள். அந்தக் கலவையிலும் காந்தம் ஒட்டாது.

செய்ய வேண்டியது: போன் கேமராவைப் பெரிதாக்கி முத்திரையைப் பாருங்கள். இங்கிலாந்து வெள்ளியில் இடப்பக்கம் நோக்கி நடக்கும் சிங்கம் இருக்கும். கூடவே வெள்ளியின் தரத்தைச் சோதித்த ஊரின் சின்னம்: பர்மிங்ஹாமுக்கு நங்கூரம், லண்டனுக்குச் சிறுத்தைத் தலை. 'ஷெஃபீல்ட்' என்று வெறும் பெயர் இருந்தால் அது ஊர்ப்பெயர், அவ்வளவுதான். அப்புறம் கரண்டியைக் கவிழ்த்து, மேசையில் உரசும் அடிப்புறத்தைப் பாருங்கள். அங்கே லேசாக மஞ்சள் பாய்ந்திருந்தால் முலாம் தேய்ந்துவிட்டது.

ஒன்று மட்டும்: சிங்கம் இல்லை என்பதற்காக எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எடின்பரோவின் பழைய வெள்ளியில் சிங்கத்துக்குப் பதில் முட்பூ இருக்கும். 1999-க்குப் பிறகு சிங்கம் கட்டாயமில்லை, ஊர்ச் சின்னத்தோடு 925 என்ற தர எண் இருக்கும். வெளிநாட்டு வெள்ளிக்கு முத்திரைகளே வேறு.

ஆறு கரண்டி மூன்று பவுண்டு என்றால் முலாமுக்கும் நல்ல விலைதான். டீ கலக்க வைத்துக்கொள்ளுங்கள். பாலிஷ் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டாம், இருக்கிற முலாமும் போய்விடும்.